எழுத்துக்கு எழுத்து

“இது நீர் செய்ததில்லை, தங்கச்சி,” என்றார் கொழும்பிலிருந்து வந்திருந்த பரீட்சகர்.

ஹட்டனில் ஒரு தனியார் கணினிப் பொறியியல் கல்லூரியில் அன்று இறுதிச் செய்முறைப் பரீட்சை. தேயிலைத் தோட்டத்தில் நிறுக்கிற கொழுந்துக்குக் கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றைத் தயாளினி மாதக்கணக்காக எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பாஸானால் கொழும்புக் கம்பெனியில் வேலை.

“நான்தாங்க சேர் செஞ்சேன். எங்கம்மா கொழுந்து எடுக்கிறவங்க. அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.”

“இன்டர்நெட்டில இதே புரோகிராம் கிடக்குது. எழுத்துக்கு எழுத்து ஒண்டு எண்டு கம்ப்யூட்டரே பிடிச்சிட்டுது. போன மாசமே வேற ஒராள் தன்ர பேரில போட்டிருக்கிறார்.”

“சத்தியமா நான் யாரோடதையும் பாக்கலைங்க சேர்!” தயாளினிக்கு அழுகை முட்டியது.

“அப்ப, அவர் உம்மைப் பாத்து எழுதினவரோ?”

வாசலில் நின்ற அவளுடைய ஆசிரியர் ஞானசேகரம் பதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

“சேர், பிள்ளை பொய் சொல்லேல்லை. அதைப் போட்டது நான்தான். நல்லாச் செய்திருக்கிறாள், மற்றப் பிள்ளையளும் பாத்துப் படிக்கட்டும் எண்டு போட்டனான். என்ர கணக்கில போட்டதால என்ர பேர் விழுந்திட்டுது.”

பரீட்சகர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புள்ளித்தாளில் பூச்சியம் போட்டார்.

“எழுதிக் குடுத்ததை நீங்களே ஒத்துக்கொண்டது நல்லதாப் போச்சு மாஸ்டர். இந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை.”