கட்டைவிரல் பிடி

தலவாக்கலைத் தேர்த்திருவிழாத் திடலில் பனிமூட்டம் விலகி, மாலை வெயில் தொட்டில் ராட்டினத்தின் சிவப்புச் சாயத்தில் வழிகிறது. நான்கு வயதுப் பவளம், உச்சிக்கு ஏறும் தொட்டிலைக் காட்டித் தாயின் சேலையை இழுக்கிறாள். அங்கம்மா மகளின் தலையில் கம்பளித் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டுகிறாள். தை மாதம் முழுவதும் நெஞ்சுச் சளியோடு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. டாக்டரய்யாவே கைவிரித்த பிள்ளை. ராட்டினக்காரர் குனிந்து, கிரீஸ் படிந்த கட்டைவிரலை நீட்டுகிறார். "இதப் புடிச்சுத் தொங்கு பாப்பா." பவளம் இரண்டு கையாலும் பற்றித் தொங்குகிறாள், மூன்று எண்ணுவதற்குள் பிடி நழுவிப் புல்லில் உட்கார்ந்துவிடுகிறாள். "புடி பத்தாது தங்கச்சி. இந்த வருசம் மரக்குதிரையில சுத்தட்டும். அடுத்த வருசம் கூட்டியா, தொட்டில்ல ஏத்துறேன்." பவளத்தைத் தூக்கிக் குதிரைமேல் வைத்து, தன் தோள்துண்டால் அவள் இடுப்பைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிறார். குதிரை கிறீச்சிட்டு நகர்கிறது. பவளம் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அங்கம்மா அவரைப் பார்த்துக் கைகூப்புகிறாள். "என்ன தங்கச்சி, ஒரு துண்டு கட்டுனதுக்குப் போயி கும்புடுற?"

"அதுக்கில்லண்ணே. அடுத்த வருசம்னு சொன்னீங்களே."