ஒன்பதாவது சாவி

"உன் சாவியைக் கொஞ்சம் குடேன்" என்றார் தபால்காரர்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு?"

"என்னோடது தொலைஞ்சுபோச்சு. டூப்ளிகேட் போடணும்."

"மறுபடியுமா? இது ஒன்பதாவதுங்க."

"அப்படியா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முப்பத்துநாலு வருஷம் தபால் கொடுத்தவர். எந்தக் கதவிலக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், யார் எப்போது காலி பண்ணினார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் ஒரு சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. 

மனைவி போனில் மகளிடம் சொல்லி அழுதாள்.

"பயப்படாதேம்மா. வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். அப்பாகிட்ட காது டெஸ்ட்டுன்னு சொல்லிக் கூட்டிட்டு வா. பழைய மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வை."

பயம் ஒரு ராத்திரி ஊறினால் கோபமாகிவிடும். மறுநாள் காலையில் அந்தக் கோபம் நேராகத் தெருமுனைக்குப் போனது.

அங்கே ஒரு மேசை, ஒரு மெஷின், பலகையில் வரிசையாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். அவ்வளவுதான் கடை. படிப்பு முடித்த கையோடு கடன் வாங்கி, ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு பெண் திறந்தது. 'பொண்ணு போடுற சாவியை நம்பி வீட்டைப் பூட்ட முடியுமா?' என்று கேட்டுவிட்டு நாலு தெரு தள்ளிப் போகிறவர்கள்தான் அதிகம்.

அன்றைக்கு அதிசயமாக எதிர்க்கடை தையல்காரி சாவியோடு நின்றிருந்தார். ஒரு விஷயம் அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"ஏம்மா, ஒரே வீட்டுக்கு ஒன்பது சாவி போட்டுக் குடுத்திருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஆரம்பித்தாள் தபால்காரர் மனைவி. "வயசான மனுஷன். மறதின்னு தெரிய வேணாம்? அவர் மறதியில நீ வியாபாரம் பண்றியா? அந்தச் சாவியெல்லாம் இப்போ எவன் கையில இருக்கோ. நீயே யார்கிட்டயாவது குடுத்து வச்சிருக்கியோ என்னவோ."

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா வந்து கேட்டாரு, போட்டுக் குடுத்தேம்மா."

"இனிமே கேட்டா குடுக்காதே."

தையல்காரி, நீட்டிய சாவியை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். "நான் அப்புறமா வர்றேன்மா" என்று நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்தவள் மருந்துச் சீட்டைத் தேடினாள். பீரோவில் இல்லை. ஆணியில் தொங்கிய அவருடைய பழைய தபால் பையைக் கவிழ்த்தாள்.

சாவிகள் கொட்டின.

ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய துண்டுச் சீட்டு. பட்டுவாடா ஆகாமல் திரும்பும் கடிதத்தில் காரணம் எழுதுவாரே, அதே குண்டு குண்டான கையெழுத்து. தேதி போட்டு, கீழே ஒரே வரி.

முதல் சாவியில், 'நுழையவில்லை.' ரெண்டாவதிலும் அதுவே. நாலாவதில், 'நுழைந்தது, திரும்பவில்லை.' ஏழாவதில், 'பாதி திரும்பியது.' எட்டாவதில், 'ஆட்டினால் திறக்கிறது.' கடைசியில் நேற்றைய தேதி. 'திறந்தது.'

ஒன்பதாவதை எடுத்துப் போய் வாசல் பூட்டில் போட்டாள். சிரமமே இல்லாமல் திரும்பியது.

"நல்லா போட்டிருக்கா இல்ல?" பின்னால் தபால்காரர் நின்றிருந்தார்.

"சேரலைன்னு அவகிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அப்போ கடை திறந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. யாராவது வந்து சாவி சேரலைன்னு சத்தம் போட மாட்டாங்களான்னு தெருவே காத்துட்டு இருந்துச்சு. அதான், தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். தொலைஞ்ச சாவி கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, இந்தத் தடவை பல்லை இன்னும் கொஞ்சம் தேய்ச்சுப் பாரேன்னு பேச்சோட பேச்சா சொல்லுவேன். கெட்டிக்காரி, பிடிச்சுக்கிட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட சொன்னா தையல்காரிகிட்ட சொன்ன மாதிரி." சிரித்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பதினோரு கடுதாசியை வீடு மாத்திப் போட்டேன். ஒருத்தர்கூட ஆபீஸ்ல புகார் பண்ணலை. அவங்களே எடுத்துட்டுப் போய் உரிய வீட்டுல குடுத்திருக்காங்க. எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் கடையில் பேசியதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இப்பவே போய் தையல்காரிகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வர்றேன்."

"எந்த உண்மையை? எட்டு சாவி சேரலைங்கிறதையா?"

செருப்பில் ஒரு காலை நுழைத்தவள் அப்படியே நின்றாள். அப்புறம் இன்னொரு காலையும் நுழைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

சாவிக்கடையில் ஈ காக்கை இல்லை. பெண் சும்மா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் முதலில் எதிர்க்கடைக்குப் போய், "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்று தையல்காரியைக் கையோடு இழுத்துவந்தாள்.

"காலையில பேசினதை மனசுல வச்சுக்காதே கண்ணு. ஒன்பது சாவியும் வீட்டுலதான் இருக்கு."

"வீட்டுலயா? யாரு எடுத்து வச்சா?" என்றார் தையல்காரி.

அவள் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு, அடுத்த கடைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"அவர் போட்டுட்டு வர வர, நான்தான் எடுத்துப் பத்திரமா வச்சுட்டு மறந்திருக்கேன். மறதி அவருக்கு இல்லக்கா, எனக்கு."