எளிய குவாண்டம்

புத்தகக் கடைக்குள் நுழைந்தவர் கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்திருந்தார்.

"குவாண்டம் இயற்பியலுக்கு ஆரம்பப் புத்தகம் வேணும். கணக்கு இருந்தா என் மனைவி மூடி வச்சிடுவா."

கடைக்காரர் மூன்றை எடுத்துப் போட்டார்.

"மனசாலயே நோயை விரட்டலாம்னு இதுல எங்கயாவது வருதா?"

"வராது சார். சுத்தமான அறிவியல்."

"அப்பாடா! குவாண்டம் பேரைச் சொல்லி அப்படி எழுதின ஒரு புத்தகத்தை நம்பி, அவ இதய மாத்திரையையே நிறுத்திட்டா."

"எந்தப் படுபாவி எழுதினான்?"

அவர் கைக்குட்டையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

வீட்டில் மூச்சு வாங்கப் படுத்திருந்த மனைவி, மூன்றையும் புரட்டிவிட்டு ஓரமாகத் தள்ளினாள்.

"நான் எழுதினது அத்தனையும் புளுகு, தாயே! மாத்திரையைப் போட்டுக்கோ," என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

அவள் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊரையே குணப்படுத்தினவருக்கு எவ்வளவு தன்னடக்கம்!"