கட்டிலுக்கு அடியில் சாப்பாடு

"அப்பா, வெயிட்டரை அப்படி முறைக்காதீங்க. நாம யாருன்னு தெரிஞ்சுடும்."

பெரியவர் சட்டென்று பார்வையை மேஜைமேல் இருந்த பூச்சாடிக்கு மாற்றினார். பிறகு அதை முறைத்தார். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் விரிசல் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறு எப்படித்தான் பார்ப்பார்?

ரகசிய வாடிக்கையாளர் என்று இந்த வேலைக்குப் பெயர். சாதாரண ஆள் மாதிரி ஓட்டலுக்குள் நுழைந்து சாப்பிட வேண்டும். கவனிப்பு எப்படி என்று வெளியே வந்து, அனுப்பிவைத்த நிறுவனத்தில் சொல்ல வேண்டும். வேவு பார்க்க வந்தவர் என்று ஓட்டல்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டால் வேலை கெட்டது.

பெரியவர் இதற்குப் புதுசு. அதற்குள் இரண்டு தடவை மாட்டிக்கொண்டாயிற்று. முதல் ஓட்டலில் தம்ளர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில், சமையல்காரர் வரைக்கும் வெளியே வந்து வரிசையாக நின்று வணக்கம் வைத்துவிட்டார்கள். அடுத்தது ஒரு தங்கும் விடுதி. கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கப் புகுந்தவர் அங்கேயே சிக்கிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து கட்டிலைத் தூக்கியபோது, செருப்பைத் தேடினேன் என்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

இன்னொரு தரம் மாட்டினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நிறுவன மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வீடுதான் பெரியவருக்குப் பயம். மனைவி போனதிலிருந்து அங்கே அவர் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். நல்ல சுவர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியாக ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தார். தனியாகப் போனால்தானே இந்த மனுஷர் முழிக்கிறார், குடும்பத்தோடு போகட்டும் என்று மேலாளருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித்தான் அப்பாவும் மகளுமாக இந்த மதியச் சாப்பாடு.

ஏதாவது ஒரு பதார்த்தத்தைக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும், ஓட்டல்காரர் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இது வேலையில் ஒரு பகுதி. பெரியவர் சூப்பைத் திருப்பி அனுப்புவதாக வாசலிலேயே பேசிவைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

சூப் வந்தது. அவள் கைபேசியில் யாருடனோ பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கிண்ணம் காலி.

"திருப்பி அனுப்பச் சொன்னா, வழிச்சு நக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லா இருந்துச்சும்மா. எப்படிப் பொய் சொல்றது?"

"வேலையே அதுதானேப்பா."

தன் கிண்ணத்தை நகர்த்திவிட்டு அவளே வெயிட்டரைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, விட்டால் இதையும் பிடுங்கிக் குடித்துவிடுவார், உப்பைக் குறைத்து வேறு கொண்டுவாருங்கள் என்றாள். வெயிட்டர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அவள் அதோடு விடவில்லை. உப்புக் குப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாத்திரை போட்டாயிற்றா என்று அதட்டினாள். அவர் சட்டையில் சிந்தியிருந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். பெரியவர் எல்லாவற்றுக்கும் சமத்தாகத் தலையாட்டினார்.

புது சூப்போடு வந்த வெயிட்டர், வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஐயா, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கலாமா?"

பெரியவர் மறுபடியும் பூச்சாடியை முறைத்தார். போச்சு, சுவர் கூப்பிடுகிறது.

"சின்ன வயசிலேயும் இவங்க உங்களை இப்படித்தான் மிரட்டுவாங்களா?"

அவளுடைய கரண்டி பாதி வழியில் நின்றது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாலு வயசுல இதைவிட மோசம். ஒருநாள் வேலையிலேர்ந்து வர எனக்கு நேரமாயிடுச்சு. கோவிச்சுக்கிட்டுப் போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துட்டா. அப்பா உள்ள வந்தாத்தான் சாப்பிடுவேன்னுட்டா. என்ன பண்றது, தட்டைத் தள்ளிக்கிட்டு நானும் புகுந்தேன். ரெண்டு பேரும் அங்கேயே சாப்பிட்டு முடிச்சோம். அவ சிட்டாட்டம் வெளிய போயிட்டா. எனக்குத்தான் வர முடியலை. அவங்கம்மா வந்து காலைப் பிடிச்சு இழுத்தா."

வெயிட்டர் சிரித்தார். அவள் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவள் போலக் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைக் குனிந்து, அவசரமாகச் சூப்பைக் குடித்தாள். கண்ணில் நீர் தெரிந்தது. சூப் சூடாகத்தான் இருந்தது.

"எங்கப்பாகிட்ட பேசி ரொம்ப நாளாச்சுங்கய்யா. இன்னைக்குப் பேசணும்" என்று சொல்லிவிட்டு வெயிட்டர் காலிக் கிண்ணத்தோடு நகர்ந்தார்.

அவ்வளவுதான். அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் பெரியவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள். தெருமுனை திரும்பி, ஓட்டல் கண்ணில் படாத இடத்துக்கு வந்த பிறகு கையை விட்டாள்.

"தப்பிச்சோம் சார்" என்றாள். "மேலாளர்கிட்ட நானே பேசறேன், உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் உங்களுக்கு வேற மகளை அனுப்புவாங்க. அவங்க எதிர்லயும் அந்தக் கட்டில் கதையை எடுத்துவிட்டுடாதீங்க."

"அதெப்படிம்மா சொல்வேன்?" என்றார் பெரியவர். "அது உன்னோட சின்ன வயசாச்சே."