சீராக வந்த மீன்தொட்டி

செவந்தியின் புகுந்த வீட்டுக் கூடத்தில், காலை வெயில் பட்டு மினுங்குகிறது அவள் அப்பா ஆண்டியப்பன் சீராகத் தந்த மீன்தொட்டி. யாரோ கழித்துப்போட்ட தொட்டிதான். துரு தெரியாமல் பச்சைப் பெயிண்ட் அடித்து, புதுசு என்று சொல்லி இறக்கியவர் அவரே. இப்போது நெற்றித் திருநீற்றை விரலால் வழித்து, இரும்புச் சட்டமும் கண்ணாடியும் சேரும் மூலையில் தடவிப் பார்க்கிறார். கண்ணாடியை ஒட்டிய மக்கு விட்டுத் தண்ணீர் கசிந்தால் திருநீறு நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளைக் கோடு கீழிருந்து மெல்லக் கறுத்து ஏறுகிறது. உள்ளே சிவப்பு மீனொன்று அந்த மூலையிலேயே வாயைத் திறந்து மூடுகிறது.

“தொட்டி எப்படி இருக்குங்க சம்பந்தி?” அடுக்களையிலிருந்து மாமியார் குரல்.

“கல்லு மாதிரி இருக்குங்க.”

செவந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. தொட்டிக்கடியிலிருந்து ஈரத்துணியை உருவி, சத்தம் கேட்காமல் வாளியில் பிழிந்து, அதே மடிப்பில் திரும்பச் செருகுகிறாள்.

“அத்தைக்கு இன்னும் தெரியாதுப்பா.”