இரண்டு ஏபல் டன்னிங்

"நீங்க பொய் சொல்லியிருக்கீங்க."

வயதில் மூத்த ஒரு பெண்மணியிடம் இப்படிச் சொல்ல நேரும் என்று போதகர் கிளைவ் நினைத்ததே இல்லை. அதுவும் கோயிலுக்குள் வைத்து.

"குரலைக் குறைங்க ஐயா," என்றார் வினிஃப்ரெட் பாஸ்க். "சிரில் இன்னும் வாசல்ல கோட்டு மாட்டிட்டிருக்கார்."

கமிட்டிக் கூட்டம் அப்போதுதான் கலைந்திருந்தது. பேச்செல்லாம் கோயில் முற்றத்தில் நிற்கும் ஏபல் டன்னிங் நினைவுக் கல்லைப் பற்றித்தான். அந்தக் காலத்துப் பெருவெள்ளத்தில் ஆற்றங்கரை உடைந்தபோது ஊர் ஜனங்களைப் படகில் ஏற்றி ஏற்றிக் கரை சேர்த்தவன் ஏபல். கடைசியாக ஒரு முறை போனான். பிணமாகத்தான் கிடைத்தான்.

ஆண்டுதோறும் வெள்ள நாளன்று அவன் வாரிசு அங்கே மலர்வளையம் வைப்பது ஊர் வழக்கம். நாற்பது வருஷமாக அதைச் செய்து வருபவர் சிரில் டன்னிங். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஒரு நாளுக்காக ஒரு வாரம் முன்பே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவார்.

கல்லுக்குப் பக்கத்தில் இந்த வருஷம் சிரிலின் பெயர் போட்டு ஒரு பலகை வைப்பதாக ஏற்பாடு. எதற்கும் கோயிலின் பழைய பதிவேடுகளைப் பார்த்துவிடலாம் என்று போதகர்தான் அவற்றைப் பராமரிக்கும் வினிஃப்ரெட்டிடம் சொன்னார். சொன்னது வினையாகிவிட்டது.

"நீங்க எடுத்த நகலை நானும் பார்த்தேன். உங்க பென்சில் கோடு இருக்கு," என்றார் போதகர். "ஏபலை அடக்கம் பண்ணது வெள்ளம் வந்த வாரம். சிரிலோட கொள்ளுத்தாத்தா பிறந்து ஞானஸ்நானம் வாங்கினது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. அப்பா பேரு ஏபல் டன்னிங்னு எழுதியிருக்கு. செத்தவன் எப்படிங்க பிள்ளை பெத்தான்?"

"அவன் பெக்கல. இன்னொரு ஏபல் பெத்தான்."

அந்தக் காலத்தில் தலைமகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். டன்னிங் குடும்பத்தில் அண்ணன் தன் மகனுக்கு ஏபல் என்று வைக்க, தம்பியும் தன் மகனுக்கு அதையே வைத்துவிட்டான். வெள்ளத்தன்று ஒரு ஏபல் ஊரைக் காப்பாற்றப் போனான். மற்றவன் இன்னொரு படகில் தன் மூட்டை முடிச்சை மட்டும் ஏற்றிக்கொண்டு கம்பி நீட்டினான். எல்லாம் அடங்கிய பிறகு திரும்பி வந்து குடித்தனம் நடத்தினான். காலப்போக்கில் ஊர் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது.

"அது தெரிஞ்சும் கூட்டத்துல, 'ஈரத்துல பக்கம் அழிஞ்சு போச்சு, தீர்மானமா சொல்ல முடியல'ன்னீங்க?"

"பக்கம் அழிஞ்சுதான் இருக்கு. அது வேற பக்கம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க!"

சொன்ன பிறகுதான், ஒவ்வொரு அறுவடைப் பண்டிகைக்கும் சிரில் இந்த அம்மாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும் பூசணிக்காய் போதகருக்கு ஞாபகம் வந்தது. ஓ, சங்கதி இதுதானா என்று நினைத்துக்கொண்டார். சந்தேகம் என்று வந்துவிட்டால் போதகர் என்ன, பிஷப் என்ன!

"ஐயா, சிரிலுக்கு முட்டி ஏன் போச்சு தெரியுமா?" என்று கேட்டார் வினிஃப்ரெட். "மதகுல ஒரு குழந்தை விழுந்துடுச்சு. அவருக்குத் தண்ணின்னாலே பயம். ஆனாலும் குதிச்சிட்டார். ஏன் குதிச்சீங்கன்னு கேட்டா, 'ஏபல் ரத்தமாச்சே, சும்மா நிக்க முடியுமா'ங்கறார். ஓடிப்போனவன் வம்சம்னு தெரிஞ்சிருந்தா குதிச்சிருப்பாரா?"

போதகர் ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் விடவில்லை.

"செத்துப்போன ஏபலுக்கு ஹன்னான்னு ஒரு மக இருந்தா. கல்யாணம் ஆனதும் டன்னிங்கிற பேரு போச்சு. அவ வம்சம் எங்கயாவது இருக்கும். அவங்களுக்குச் சேர வேண்டிய மரியாதையை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க நீங்க யாரும்மா?"

வினிஃப்ரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ள நாள் வரைக்கும் பொறுத்துக்கறேன்," என்றார் போதகர். "அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன்."

வெள்ள நாள் வந்தது. தேய்த்த சட்டையும் கைத்தடியுமாக சிரில் வந்தார். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கக் கல்லுக்கு முன்னால் குனிந்து வளையத்தை வைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்திருந்தன. பார்த்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். போதகரும்தான்.

ஆனாலும் பொய் பொய்தானே? ஜனங்கள் தேநீருக்கு உள்ளே போனார்கள். நகலைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒரு முறை கேட்டுவிடலாம் என்று வினிஃப்ரெட்டைத் தேடி முற்றத்துக்கு வந்தார் போதகர்.

அந்த அம்மாள் கல்லடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கைப்பையிலிருந்து ஒரு சிறு பூங்கொத்தை எடுத்து, சிரிலின் வளையத்துக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாதபடி செருகினார்.

"கோவிச்சுக்காதீங்க தாத்தா," என்றார் கல்லிடம். "உங்க ஹன்னா வழியில நான் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சா போதும். சிரிலுக்கு உங்களை விட்டா வேற யாரும் இல்ல."