தட்டிக்கு அந்தப் பக்கம்

கறுப்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பாவமன்னிப்புக் கூண்டின் மரத்தட்டியருகே ரெமேதியோஸ் முழந்தாளிட்டாள். புவெனஸ் அயர்ஸில் இந்தக் கோயிலுக்கு மட்டும்தான் அவள் இன்னும் வந்ததில்லை.

"சாமி, என் மகன் நாந்தோவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் கொதிச்சுது. 'போகாதம்மா'ன்னு கையப் பிடிச்சான். உதறிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் இருட்டில் பாதிரியாரின் தோள் குலுங்கியது.

"திரும்பி வந்தப்போ சில்லுனு கிடந்தான், சாமி."

அங்கே மூச்சு விக்கியது. ரெமேதியோசுக்கு நெஞ்சு இளகியது. தனக்காகவும் ஒருவர் கலங்குகிறாரே!

"சாமி, அழறீங்களா?"

"மன்னிச்சிடும்மா, அடக்க முடியல..." சிரிப்பு பீறிட்டதில் மரத்தட்டியே அதிர்ந்தது. "ரேடியோ சிரிப்பு நாடகத்துல வாயாடி சிரீலாவா நடிக்கிறது நீங்கதானே? அந்தக் குரலக் கேட்டாலே எனக்கு இப்படித்தான். போன படத்துல புருஷன் சவப்பெட்டியக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, வயிறே புண்ணாப்போச்சு! ம்... இனிமே சிரிக்கல. சொல்லுங்க, பையனுக்கு என்ன ஆச்சு?"

"செத்துட்டான், சாமி."

தன்னால் முடிந்தமட்டும் வேறு குரலில்தான் சொன்னாள்.

தட்டி மறுபடியும் அதிர்ந்தது.